அரசையும் கட்டும் சட்டம்

அரசியலமைப்பு ஆட்சியின் வரலாறு: முல்லைப் பெரியாறும் அதிகாரப் பிரிவினையும்

ஆள்பவரின் விருப்பமே சட்டம் என்றிருந்த காலம் போய், ஆள்பவரும் சட்டத்துக்கு உட்பட்டவரே என்னும் எண்ணம் நிலைபெறப் பல நூற்றாண்டுகள் ஆயின. அந்த நூற்றாண்டுகளின் வரலாறே அரசியலமைப்பு ஆட்சியின் வரலாறு. ஓர் அரசு எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யக் கூடாது என்பதை முன்கூட்டியே வரையறுத்து, அந்த வரையறையை அரசே மீற முற்பட்டால் அதைத் தடுக்கும் அமைப்புகளையும் ஏற்படுத்தி வைக்கும் ஆட்சிமுறையே அரசியலமைப்பு ஆட்சி எனப்படுகிறது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசு என்பது மட்டும் இதற்குப் போதாது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெரும்பான்மையும் தாண்டக் கூடாத எல்லைகள் இருக்க வேண்டும் என்பதும், எல்லை தாண்டப்பட்டதா இல்லையா என்று சொல்வதற்கு அந்தப் பெரும்பான்மையின் தயவில் வாழாத நடுவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் இதன் அடிப்படைகள்.

இக்கோட்பாடு பிறந்து வளர்ந்த இடங்களாக இங்கிலாந்தும் அமெரிக்காவும் பிரான்சும் வரலாற்று நூல்களில் பேசப்படுகின்றன. இந்தியாவில் அது எந்த அளவுக்கு வேர் பிடித்தது என்பதை அறிவதற்கோ, தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் லோயர் கேம்ப்பில் தொடங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகப் பழனிசெட்டிபட்டி வரை நீளும் இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் கொண்டு இருபோக நெல் விளையும் ஆயக்கட்டாக இருக்கிறது. அந்தத் தண்ணீரை எந்த உயரம் வரை தேக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி, 2006 முதல் 2014 வரை உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், இந்திய அரசியலமைப்பின் மூலக் கோட்பாடுகளில் ஒன்றைச் சோதித்துப் பார்த்தது.

சிலம்பு கேட்ட கேள்வி

கூடலூருக்கு மேலே, தமிழக – கேரள எல்லையிலுள்ள மலை முகட்டில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் குமுளி வழியாகவும் பளியன்குடி மலைப்பாதை வழியாகவும் இரு மாநில மக்களும் அங்கே ஏறிச் செல்கின்றனர். அக்கோயிலின் தெய்வமாக வணங்கப்படும் கண்ணகியின் கதை, ஆட்சியியல் நோக்கில் படிக்கும்போது, அதிகாரம் ஒரே கையில் குவிந்திருப்பதால் விளையும் கேட்டைத் தெளிவாகக் காட்டுவதாகும். அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று பொற்கொல்லன் ஒருவன் சொன்னதை மட்டும் கேட்ட பாண்டியன், கண்ணகியின் கணவன் கோவலனை அழைத்து விசாரிக்காமலேயே கொல்ல ஆணையிட்டான். குற்றம் உண்டா என்று ஆராய்வதும், உண்டு என்று தீர்ப்பதும், தண்டனையை நிறைவேற்றுவதும் ஆகிய மூன்றும் அரசனின் ஒரே வாய்மொழியில் அடங்கிவிட்டதால், இடையில் ஒருவர் நின்று மறுப்புச் சொல்லும் வாய்ப்பே கோவலனுக்குக் கிடைக்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்தன என்ற சான்று, தண்டனை முடிந்த பிறகே அரசவைக்கு வந்து சேர்ந்தது.

தன் தவறு தெரிந்ததும் பாண்டியன் உயிர்விட்டான் என்று சொல்லும் சிலப்பதிகாரம், அரசனுக்கு மேலே அறம் ஒன்று உண்டு என்பதில் தமிழ் மரபுக்கு இருந்த உறுதியை உணர்த்துகிறது. செங்கோல் வளைந்தால் அரசனே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற அந்த உறுதி உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அறத்தின் காவல் அரசனின் மனச்சாட்சியையே முழுவதும் நம்பியிருந்தது. வாள் இறங்குவதற்கு முன்பே தடுத்துக் கேட்கும் ஏற்பாடு எதுவும் அங்கு இல்லை. முறை தவறிய பிறகு வருந்தும் அரசனுக்குப் பதிலாக, முறை தவற முடியாதபடி கட்டப்பட்ட அரசு வேண்டும் என்ற தேடலிலிருந்துதான் அரசியலமைப்பு ஆட்சி தோன்றுகிறது.

அத்தகைய கட்டுப்பாடுகளுக்கான முயற்சிகள் தமிழகத்திலும் இல்லாமல் போகவில்லை. 10ஆம் நூற்றாண்டில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது, ஓராண்டோடு அவர்களின் பொறுப்பு முடிவது, கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாதது ஆகியவற்றை விதிகளாக வகுத்துள்ளன. நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்களின் சபைக்கு மட்டுமே உரியவை அவ்விதிகள் என்பதால், அவற்றை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிடுவது பொருந்தாது. எனினும் பதவிக்குக் கால வரம்பும் கணக்குக் கொடுக்கும் கடமையும் உண்டு என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு அவை சான்று.

ரன்னிமீடு முதல் பிலடெல்பியா வரை

அரசனின் அதிகாரத்தை எழுத்தில் கட்டும் மரபுக்கு 1215இல் இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையின் ரன்னிமீடு வெளியில் மன்னர் ஜான் முத்திரையிட்ட மகா சாசனம் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் எந்தச் சுதந்திர மனிதரையும் சிறையிடவோ அவருடைய உடைமையைப் பறிக்கவோ கூடாது என்று அது கூறியது. பிரபுக்கள் தங்கள் நலனுக்காகப் பெற்ற ஆவணமே அது என்றாலும், அரசனும் ஒரு விதிக்கு முத்திரையிட்டுக் கட்டுப்படலாம் என்ற முன்மாதிரியை அது உலகுக்குத் தந்தது.

சட்டத்துக்கு அரசன் கட்டுப்பட்டவன் என்றால், சட்டம் என்ன சொல்கிறது என்று அறிவிப்பவர் யார் என்ற அடுத்த கேள்வி 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. நீதிமன்றத்தில் தாமே அமர்ந்து வழக்குகளைத் தீர்க்கலாம் என்று கருதிய மன்னர் முதலாம் ஜேம்சிடம், வழக்குத் தீர்ப்பது சட்டம் பயின்ற நீதிபதிகளின் வேலை, அரசரின் வேலை அன்று என்று 1607இல் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் மறுத்துரைத்தார். 1610இல் மருத்துவர் பொன்ஹாம் என்பவரின் வழக்கில், லண்டன் மருத்துவர் கழகமே குற்றம் சாட்டித் தானே தண்டம் விதித்து அந்தத் தண்டத்தில் தானே பங்கும் பெறுவது முறையாகாது என்று அவர் கூறியது, தன் வழக்கில் தானே நீதிபதியாக ஒருவரும் இருக்கலாகாது என்ற விதியை உறுதிப்படுத்தியது. இவ்வாறு துணிந்து பேசிய கோக் 1616இல் பதவி நீக்கப்பட்டார். நீதிபதியின் பதவி அரசனின் விருப்பத்தில் இருக்கும் வரை நீதியும் அங்கேயே இருக்கும் என்பதை அந்த நிகழ்வு காட்டியது. 1689இன் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தின் இசைவின்றி அரசன் வரி விதிப்பதையும் சட்டங்களை நிறுத்தி வைப்பதையும் தடை செய்தது. 1701இன் சட்டமோ, நன்னடத்தை உள்ள வரை நீதிபதிகளைப் பதவியிலிருந்து அகற்ற முடியாது என்ற பாதுகாப்பைத் தந்தது.

இந்த அனுபவங்களை 1748இல் கோட்பாடாகத் தொகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் மாந்தெஸ்கியு. சட்டம் இயற்றும் அதிகாரம், அதை நிறைவேற்றும் அதிகாரம், சட்டத்தின்படி வழக்குத் தீர்க்கும் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒருவரிடமோ ஓர் அவையிடமோ சேர்ந்துவிட்டால் குடிமக்களுக்குச் சுதந்திரம் இராது என்று அவர் வாதிட்டார். இதுவே அதிகாரப் பிரிவினை எனப்படுகிறது. 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு அம்மூன்றையும் தனித்தனி உறுப்புகளிடம் ஒப்படைத்தது. அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று அறிவிக்கலாம் என்ற விதியை 1803இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷலின் தீர்ப்பு நிலைநாட்டியது. உரிமைகளுக்கு உறுதியும் அதிகாரங்களுக்குப் பிரிவினையும் இல்லாத சமூகத்தில் அரசியலமைப்பே இல்லை என்பது 1789இன் பிரெஞ்சு உரிமைப் பிரகடனம் வகுத்த அளவுகோல்.

1886இன் குத்தகை

அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், முல்லைப் பெரியாறு அணைக்கு அடிப்படையான ஒப்பந்தம் அரசியலமைப்பு ஆட்சியில் பிறந்தது அன்று. 1876–78இன் பெரும் பஞ்சத்தில் மதுரைச் சீமை பட்ட துயரத்துக்குப் பிறகு, மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றின் நீரைக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பும் பழைய திட்டம் உயிர் பெற்றது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசும், பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்திய விவகாரங்களைக் கவனித்த இந்தியச் செயலரும் செய்துகொண்ட குத்தகைப் பத்திரத்தின்படி, நீர்த்தேக்கத்துக்கு 8,000 ஏக்கரும் கட்டுமானப் பணிகளுக்கு 100 ஏக்கர் வரையிலும் 999 ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்டன. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் குத்தகை எனவும் முடிவாயிற்று. கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பொறுப்பில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு 155 அடி உயரத்தில் எழுப்பப்பட்ட அணை 1895இல் திறக்கப்பட்டது. தேக்கடித் தலைமதகில் நுழையும் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்குச் சரிவுக்கு வந்து, பள்ளத்தாக்கில் இறங்கி வைகையைச் சேர்கிறது.

இந்த ஒப்பந்தம் எழுதப்பட்டபோது கம்பம் பள்ளத்தாக்கின் உழவரும் கேட்கப்படவில்லை, திருவிதாங்கூரின் குடிகளும் கேட்கப்படவில்லை. ஆளும் பேரரசும் அதற்கு அடங்கிய சமஸ்தானமும் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆனாலும் அதில் அரசியலமைப்பு ஆட்சியின் விதை ஒன்று இருந்தது: ஒப்பந்தத்தின் பொருள் குறித்து இரு தரப்புக்கும் வேறுபாடு எழுந்தால், நடுவர்களிடமும் அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் தலைமை நடுவரிடமும் அதை விட வேண்டும் என்ற விதியே அது. பெரியாற்று நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு முனைந்தபோது இவ்விதி செயலுக்கு வந்தது. குத்தகை பாசனத்துக்காகக் கொடுக்கப்பட்டதே தவிர மின் உற்பத்திக்காகக் கொடுக்கப்படவில்லை என்று தலைமை நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி 1941இல் தீர்ப்பளித்தார். பேரரசின் ஒரு மாகாணம் தன்னிலும் வலுக் குறைந்த சமஸ்தானத்திடம் வாதத்தில் தோற்றது. வலிமையின் அளவு உரிமையின் அளவாகாது என்பதற்கு இத்தீர்ப்பு நல்ல எடுத்துக்காட்டு. பின்னர் சுதந்திர இந்தியாவில் இரு மாநிலங்களும் பேசி முடித்து, 1970 மே 29 அன்று செய்துகொண்ட துணை ஒப்பந்தங்களின் வழியாக, தமிழ்நாடு மின் உற்பத்திக்கான உரிமையைப் பெற்றது. குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்குச் சென்றது. லோயர் கேம்ப்பில் இயங்கும் பெரியாறு மின்நிலையத்தின் சட்ட அடித்தளம் இதுவே.

அரசர் இல்லாத நாட்டில் எல்லைகள்

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்புச் சட்டம், அதிகாரத்தை இரண்டு வகையில் பிரித்தது. ஒன்று, ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான பிரிவு. இது கூட்டாட்சி எனப்படும். மற்றொன்று, சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை ஆகிய உறுப்புகளுக்கு இடையிலான பிரிவு. மாநிலங்களுக்கு இடையே வழக்கு எழுந்தால் அது நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட வேண்டும் என்று 131ஆவது பிரிவு கூறுகிறது. கீழ் நீதிமன்றங்களின் வழியாக வராமல் முதன்முதலாக உச்ச நீதிமன்றத்திலேயே தொடங்கும் இவ்வகை வழக்குக்கு அசல் வழக்கு என்று பெயர்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அணை அமைந்த பீர்மேடு பகுதி கேரளத்துக்குள் நின்றது; அணையின் பராமரிப்பும் நீரும் தமிழகத்துக்கு உரியவையாகத் தொடர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நடந்த போராட்டத்தின் ஏமாற்றம் பள்ளத்தாக்கில் நெடுநாள் தங்கியிருந்தது. ஆனால் எல்லை மாறினாலும் பழைய நீர்ப்பாசன ஒப்பந்தங்கள் தொடரும் என்று மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 108ஆவது பிரிவு காப்பளித்தது. ஆட்சிகள் மாறும்போதும் எல்லைகள் நகரும்போதும் முன்பு கொடுத்த வாக்கு காற்றில் போகாது என்ற இந்தத் தொடர்ச்சியும் அரசியலமைப்பு ஆட்சியின் இன்றியமையாத இயல்பாகும்.

136க்கும் 142க்கும் இடையில்

1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பி நகருக்கு மேலிருந்த மச்சு அணை உடைந்து பெரும் உயிரிழப்பு நேர்ந்தது. நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த முல்லைப் பெரியாறு அணையின் நிலை குறித்து இடுக்கி மக்களிடையே அச்சம் பரவியது. அந்த ஆண்டின் இறுதியில் மத்திய நீர் ஆணையத்தின் ஆலோசனையின்படி நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அணையை வலுப்படுத்திய பின் படிப்படியாக உயர்த்தலாம் என்பதே அன்றைய ஏற்பாடு. அணையின் தலைப்பகுதியில் கான்கிரீட் எடை சேர்ப்பது, மேலிருந்து துளையிட்டு எஃகுக் கம்பிகளைப் பாறையோடு இறுக்கிப் பிணைப்பது, பின்புறத்தில் கான்கிரீட் முட்டுச் சுவர் எழுப்புவது ஆகிய பணிகள் அதன்பின் நடந்தன.

இங்கே சில அடிகளின் கணக்கை நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். அணையில் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போய்விட்டால் தமிழகத்துக்குத் தண்ணீர் எடுக்க முடியாது. எனவே பள்ளத்தாக்குக்குப் பயன்படும் நீர் முழுவதும் 104 அடிக்கு மேலே தேங்குவதுதான். அகன்ற நீர்த்தேக்கத்தின் மேல்மட்டத்தில் ஒவ்வோர் அடியும் கீழ்மட்டத்தின் ஓர் அடியைவிட மிகுந்த நீரைப் பிடிக்கும் என்பதால், அணையின் முழு நீர்மட்டமான 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்குவது நீர் இருப்பில் கணிசமான பகுதியைக் கைவிடுவதாகும். வழக்கமாக ஜூன் முதல் நாளில் முதல் போகத்துக்காகத் தேக்கடித் தலைமதகு திறக்கப்படும்போது, பாசனத்துக்கு 200 கனஅடியும் குடிநீருக்கு 100 கனஅடியும் விடப்படுகின்றன. நாற்றுப் பாவுவதா பொறுத்திருப்பதா என்று கூடலூரிலும் சின்னமனூரிலும் உழவர் முடிவு செய்வது அன்றாட நீர்மட்டத்தைப் பார்த்தே என்பதால், இந்த எண்கள் அங்கே ஊரறிந்த எண்கள். மறுபுறம், அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு உயரும் ஒவ்வோர் அடியும் உறக்கம் கெடுக்கும் அச்சமாக இருந்தது. இரு பக்கக் கவலைகளும் மெய்யானவை என்பதாலேயே, இரண்டுக்கும் பொதுவான நடுவர் தேவைப்பட்டார்.

நீர்மட்டத்தைக் குறித்து எழுந்த வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், வல்லுநர் கருத்துகளை ஆராய்ந்து, அணை பாதுகாப்பாக உள்ளது என்றும் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்றும் 2006 பிப்ரவரி 27 அன்று தீர்ப்பளித்தது. மூன்று வாரங்கள் முடிவதற்குள் கேரளச் சட்டமன்றம் தன் பாசன, நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது. ஆபத்துக்குள்ளான அணைகளைக் குறிக்கும் அட்டவணை ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டு, முல்லைப் பெரியாறு அணையின் பெயருக்கு நேரே 136 அடி என்று உயரம் எழுதப்பட்டது. அதற்கு மேல் நீர் தேக்குவதற்கு அச்சட்டம் தடை விதித்தது. நீதிமன்றம் விசாரித்து அறிந்த ஓர் உண்மை, சட்டமன்றத்தின் ஓட்டெடுப்பால் மாற்றி எழுதப்பட்டது. தமிழ்நாடு அதே ஆண்டு மார்ச் இறுதியில் 131ஆவது பிரிவின்கீழ் அசல் வழக்குத் தொடுத்தது.

வழக்கு நடந்த ஆண்டுகள் அமைதியானவையாக இருக்கவில்லை. 2011 டிசம்பரில் கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளி எல்லையை நோக்கித் திரண்டனர். மலைப்பாதையில் போக்குவரத்து நின்றது. ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் வேலைக்குச் சென்று வந்த தொழிலாளர் குடும்பங்கள் பெரிதும் அல்லல்பட்டன. அந்தக் கொந்தளிப்புக்கு நடுவிலும் ஆய்வு தொடர்ந்தது. முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில், இரு மாநிலங்களின் சார்பிலும் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இடம்பெற 2010இல் அமைக்கப்பட்ட அதிகாரம் பெற்ற குழு, நீரியல், கட்டமைப்பு, நில அதிர்வு ஆகிய மூன்று நோக்கிலும் அணை பாதுகாப்பானதே என்ற முடிவை 2012இல் அளித்தது.

2014 மே 7

தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு 2014 மே 7 அன்று தீர்ப்பு வழங்கியது. அரசியலமைப்பின் பொருள் குறித்த முக்கியமான கேள்விகளைத் தீர்க்கக் குறைந்தது ஐந்து நீதிபதிகள் கூடும் அமர்வே அரசியலமைப்பு அமர்வு எனப்படும். முல்லைப் பெரியாறு அணையைப் பொறுத்தவரை கேரளத்தின் 2006ஆம் ஆண்டுத் திருத்தம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அமர்வு அறிவித்தது. 1947இல் பிரிட்டிஷ் மேலாண்மை முடிந்ததோடு 1886இன் குத்தகையும் முடிந்துவிட்டது என்ற வாதம் ஏற்கப்படவில்லை. நீர்மட்டத்தை 142 அடிக்கு உயர்த்துவதைக் கேரளம் தடுக்கக் கூடாது என்று ஆணையிட்ட நீதிமன்றம், மத்திய நீர் ஆணையப் பிரதிநிதியைத் தலைவராகவும் இரு மாநிலங்களின் பிரதிநிதிகளை உறுப்பினராகவும் கொண்ட மேற்பார்வைக் குழுவையும் அமைத்து, கேரள மக்களின் அச்சத்துக்கு நிலையான ஒரு பதிலையும் தந்தது.

தீர்ப்பின் சாரம் அதிகாரப் பிரிவினை குறித்த விளக்கமே. இந்திய அரசியலமைப்பில் அதிகாரப் பிரிவினை என்று தனியே ஒரு விதி எழுதப்படவில்லை என்றாலும், அதன் கட்டமைப்பிலேயே அக்கோட்பாடு ஊன்றியிருக்கிறது என்பதும், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று கூறும் 14ஆவது பிரிவோடும் சட்டத்தின் ஆட்சியோடும் அது பிணைந்தது என்பதும் அமர்வின் முடிவுகள். சட்டமன்றம் பொதுவான விதிகளை ஆக்குகிறது. நீதிமன்றம் குறிப்பிட்ட தரப்பினரின் குறிப்பிட்ட வழக்கில் உண்மை எது என்று ஆராய்ந்து தீர்க்கிறது. ஒரு தீர்ப்பு எந்தச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டதோ அந்தச் சட்டத்தை மாற்றி எழுதச் சட்டமன்றத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அணை உறுதியாக இருக்கிறதா என்பது போன்ற உண்மையைச் சான்றுகளின் அடிப்படையில் நீதிமன்றம் தீர்மானித்த பிறகு, அந்தத் தீர்மானம் செல்லாது என்று சட்டம் போட அதற்கு உரிமை இல்லை. முறைப் பாசனத்தில் தன் வயலுக்குப் பாயும் தண்ணீரைத் தானே அளந்து, முறை முடியவில்லை என்று தானே தீர்ப்பும் சொல்லும் ஒருவரை எந்த ஆயக்கட்டும் ஒப்புக்கொள்ளாது. வழக்கில் ஒரு தரப்பாக இருந்த மாநிலம், தோற்ற பின் சட்டமன்றத்தின் வழியாக அத்தீர்ப்பைத் திருத்தியதும் அதே முறைகேடுதான் என்பதை, கோக் காலத்து விதியின் ஒளியில் எளிதில் காணலாம்.

தீர்ப்புக்குப் பின் அதே ஆண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது.

தனக்கும் பொருந்தும் விதி

கோட்பாடு ஒன்று கோட்பாடாக நிற்பது, வென்றவரையும் அது கட்டும்போதுதான். இதற்கு முன்னர் 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை முறியடிக்கக் கர்நாடகம் பிறப்பித்த அவசரச் சட்டம் இதே காரணத்துக்காகச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. அதிலும் தமிழ்நாடு பயன் பெற்றது. ஆனால் முல்லைப் பெரியாறு தீர்ப்பு வந்த அதே 2014 மே 7 அன்று, உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. பல்லவராயன்பட்டியிலும் அய்யம்பட்டியிலும் தலைமுறைகளாகக் காளைகள் அவிழ்க்கப்பட்டுவந்த தேனி மாவட்டத்துக்கு அந்த ஒரே நாள் ஒரு கையில் நீரைக் கொடுத்து மறு கையில் வாடிவாசலை மூடியது.

அந்தத் தடையைத் தமிழ்நாடு எவ்வாறு கடந்தது என்பதே இக்கோட்பாட்டைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி. 2014இன் தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் இயற்றவில்லை. அவ்வாறு இயற்றியிருந்தால் கேரளத்தின் திருத்தத்துக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்திருக்கும். 2017 ஜனவரியில் மெரினாவிலும் மாநிலமெங்கும் நடந்த போராட்டத்துக்குப் பின், தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தையே தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்தும் வகையில் திருத்தி, ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் உள்ள பொருள் என்பதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்று, போட்டி நடத்தும் முறைக்கு விதிகளையும் வகுத்தது. தீர்ப்பு எந்த அடித்தளத்தில் நின்றதோ அது மாறிவிட்டது என்பதை ஏற்று, ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2023 மே 18 அன்று அச்சட்டத்தைச் செல்லும் என்று உறுதி செய்தது. மக்களின் விருப்பம் அரசியலமைப்பு ஆட்சியில் தோற்பதில்லை. அது உரிய வாயில் வழியாக உள்ளே வர வேண்டும் என்பதே நிபந்தனை. தீர்ப்பை மறுப்பதற்கும் தீர்ப்பின் சட்ட அடிப்படையை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாடு, சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கும் அதன் எல்லைக்கும் உள்ள வேறுபாடாகும்.

இதே விதி அணை விவகாரத்திலும் தமிழகத்தைக் கட்டுகிறது. 152 அடிக்கு நீர் தேக்கும் உரிமை பள்ளத்தாக்கு உழவரின் நெடுநாள் எதிர்பார்ப்பு. முதன்மை அணையை ஒட்டிய பேபி அணையை வலுப்படுத்தும் பணி முடிந்து, வல்லுநர் ஆய்வில் தேறிய பின்னரே அந்த உயரத்தை எட்ட முடியும். அதற்குக் காலம் ஆகிறது என்ற குறை நியாயமானது. எட்டு ஆண்டுகள் வழக்கு நடத்தி ஆறு அடி பெற்ற உழவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது எளிதன்று. ஆனால் அந்த ஆறு அடி எந்த முதலமைச்சரின் நட்பாலும் கிடைத்ததன்று, எந்தப் பகையாலும் பறிபோகக் கூடியதும் அன்று. அரசாங்கங்கள் பல மாறிய பிறகும் அது நிற்பதற்குக் காரணம், அது உரிமையாகத் தீர்க்கப்பட்டதே. 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட ஒரு வழக்கைக் குறிவைக்காமல் நாட்டின் பெரிய அணைகள் அனைத்துக்கும் பொதுவான விதிகளை வகுத்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் பணிகளை மேற்பார்வைக் குழுவிடம் ஒப்படைத்து, இரு மாநிலங்களிலிருந்தும் ஒவ்வொரு தொழில்நுட்ப வல்லுநரை அதில் சேர்த்தது. சட்டமன்றமும் நீதிமன்றமும் தத்தம் எல்லைக்குள் நின்றே ஒரே நோக்கத்துக்குப் பணியாற்ற முடியும் என்பதை இந்த இணைப்பு உணர்த்துகிறது.

அரசியலமைப்பு ஆட்சியின் அடிப்படைகள் நான்கு என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு இவ்வாறு தொகுத்துக் காட்டுகிறது: அதிகாரத்துக்கு எல்லை உண்டு, அந்த எல்லை எழுத்தில் உண்டு, எல்லையைக் காக்கும் நடுவர் தரப்பினரில் ஒருவராக இருக்கலாகாது, தனக்குப் பாதகமான தீர்ப்பையும் ஆட்சி மதித்தாக வேண்டும். முதல் மூன்றையும் சட்டப் புத்தகம் தர முடியும். நான்காவது, ஆள்வோரும் அவர்களைத் தேர்ந்தெடுப்போரும் பழகிக்கொள்ள வேண்டிய ஒழுக்கம். அரசியலமைப்பு நிர்ணய சபையில் 1948இல் அம்பேத்கர் அரசியலமைப்பு அறம் என்று குறிப்பிட்டதும், அது தானாக வளராது, பயிற்சியால் வளர்க்கப்பட வேண்டியது என்று எச்சரித்ததும் இதையே. அரசியலமைப்பையே திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்ற அதனினும் பெரிய கேள்வியும், கேரளத்தின் காசர்கோடு அருகிலுள்ள எடநீர் மடத்தின் தலைவர் தொடுத்த வழக்கில் 1973இல் 13 நீதிபதிகள் அளித்த விடையும் அடுத்த பகுதியின் பொருளாகும்.